ஏழு பேரின் நினைவு மலருக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

விசுவாவசு என்ற தமிழ் வருடம் எங்கள் ஊரிலிருந்து ஏழு முதியவர்களைக் கொண்டுபோய்விட்டது. நான்கு ஆச்சிமார், மூன்று அப்புமார். எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள், மூத்தவருக்கு 90. அந்தந்த வீடுகளில் முப்பத்தொராம் நாள், இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டு நூலை வாசித்து முடிந்துவிட்டது. அது வீட்டுக்குரியது. ஊருக்கென்று ஏழு பேரையும் ஒன்றாக வைத்து வாசிகசாலை வெளியிட்ட 96 பக்க மலர்தான் இப்போது உங்கள் கைகளில் இருக்கிறது.

நன்றி நவிலலை எப்படி எழுதுவது என்று எல்லோருக்கும் தெரியும்: நேரில் வந்தோர், தொலைபேசியில் அனுதாபம் சொன்னோர், மலர்வளையம் சாத்தியோர், பதாகை கட்டியோர் என்று ஒரே வரிசை. இந்த மலருக்கு அந்த வரிசை போதாது. உதவிய ஒவ்வொருவரும் ஒரு பிழை அச்சேறாமல் தடுத்திருக்கிறார்கள். அந்தப் பிழை எது, எப்படிப் பிடிபட்டது என்று சொல்வதுதான் சரியான நன்றி. அடுத்த மலர் போடுகிறவர்களுக்கும் அது உதவும்.

முதலில் கிராம அலுவலர் அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. தொண்ணூறு வயது ஆச்சியின் பிறந்த திகதியை வீட்டார் 1935 மார்ச் 15 என்று எழுதித் தந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் 1987 வடமராட்சிச் சண்டையில் வீட்டோடு போய்விட்டது. பேரப்பிள்ளை அடையாள அட்டை இலக்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் அந்தத் திகதியைச் சொன்னார். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆச்சிக்கு 574. அதாவது 74ஆவது நாள். பேரன் பெப்ரவரிக்கு 28 நாள் போட்டு எண்ணினார். அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்தான். ஆகவே 31, 29, பிறகு 14: மார்ச் 14. ஐயா இதைச் சொன்ன பிறகு பெட்டிக்குள் கிடந்த சாதக ஓலையை எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் 14க்கே பொருந்தியது. மார்ச் முதலாந் திகதி தொடக்கம், நெட்டாண்டு அல்லாத ஆண்டில் பிறந்த எவருக்கும் இந்த ஒரு நாள் பிசகு வரும். (இலக்கத்தை மலரில் போடவில்லை. யாரும் போட வேண்டாம். சரிபார்க்க மட்டும்தான் அது.)

கலியாணத் திகதிகள் இதைவிடச் சிக்கல். எங்கள் பக்கத்தில் ஜனவரியையும் தை என்போம், பொங்கலன்று பிறக்கும் மாதத்தையும் தை என்போம். ஓர் அப்புவின் கலியாணக் கடிதத்தில் 1957, தை 28, ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. பிள்ளைகள் ஐம்பது வருடமாக ஜனவரி 28ஐக் கொண்டாடி வந்திருக்கிறார்கள். பழைய கலண்டர்கள் சேர்த்து வைத்திருக்கும் தபாற்கந்தோர் மாமாதான், அந்த ஆண்டு ஜனவரி 28 திங்கட்கிழமை என்று பிடித்தார். பொங்கல்வழித் தை 28 என்றால் பெப்ரவரி 10, அது ஞாயிறு. அப்படியானால் கடிதம் சரி, கொண்டாட்டம்தான் பிசகு. மாமா ஓர் எச்சரிக்கையும் தந்தார். ஆனி போன்ற மாதத்தில் இரண்டு கணக்குக்கும் 14 நாள் வித்தியாசம் வந்தால் கிழமை ஒன்றாகவே விழும், அங்கே கிழமையை நம்ப முடியாது. அப்போது திதியோ நட்சத்திரமோ கடிதத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவமனைத் தாதி ஒருவருக்கும், ரொறன்ரோவில் இருக்கும் மருமகள் ஒருவருக்கும் ஒரே காரணத்துக்காக நன்றி: இருவரும் உயிர் பிரிந்த நேரத்தை நிமிடத்தோடு எழுதி வைத்தார்கள். மரணச் சான்றிதழில் நள்ளிரவோடு திகதி மாறிவிடும். திதி அப்படி மாறாது, பகலிலோ இரவிலோ தனக்குரிய நேரத்தில் மாறும். அதிகாலை இரண்டரைக்கு நடந்த இறப்பைத் திகதியை மட்டும் வைத்துப் பஞ்சாங்கத்தில் பார்த்தால் திதி ஒன்று தள்ளிப் போகலாம். பிறகு ஆண்டுத் திவசம் காலமெல்லாம் பிழையான நாளில் நடக்கும். ரொறன்ரோ நேரத்தை எங்கள் நேரமாக்கக் குளிர்காலத்தில் பத்தரை மணியும் கோடையில் ஒன்பதரை மணியும் கூட்ட வேண்டும். அதைச் செய்யாமல் அங்கத்தைய நேரத்தையே யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒருவருக்கு வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு திதி, திருக்கணித பஞ்சாங்கத்தில் வேறு திதி வந்தது. இரண்டும் திதி மாறுவதாகச் சொல்லும் நேரங்களுக்கு இடையில் அவர் கண்மூடியிருந்தார். குருக்கள் ஐயா வாதாடவில்லை. அந்தக் குடும்பம் பரம்பரையாகத் திவசம் பார்க்கும் பஞ்சாங்கம் எதுவோ அதையே எடுங்கள் என்றார்.

இறந்த திதியைப் பாட்டில் பதியும் திதி வெண்பாக்கள் ஏழையும் பாடித் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு இந்த வருடம் பெரிய சோதனை. விசுவாவசு என்ற பெயரை அலகிட்டுப் பாருங்கள்: விசு, வா, வசு. நிரை நேர் நிரை. புளிமாங்கனி. கனிச்சீருக்கு வெண்பாவில் இடமே இல்லை. வருடத்தின் பெயர் இல்லாமல் திதி வெண்பாவும் இல்லை. பலர் இந்த இடத்தில் தளையை (சீரும் சீரும் இணையும் விதியை) விட்டுவிட்டு நாலு வரியை வெண்பா என்று அச்சடித்துவிடுகிறார்கள். ஆசிரியர் பெயரை இரண்டு சீராகப் பிளந்தார்: "சீரார் விசுவா வசுவாண்டில் ஆவணி". இப்போது விசுவா புளிமா, வசுவாண்டில் புளிமாங்காய். மாமுன் நிரை, காய்முன் நேர், தளை தட்டவில்லை. ஏழு பாட்டுக்கும் ஏழு விதமாகப் பிளந்திருக்கிறார். மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா (வளர்பிறையா தேய்பிறையா), திதி மூன்றும் எல்லாப் பாட்டிலும் இருக்கின்றனவா என்று சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டும் தந்தார். அழகான பாட்டில் பிறைப்பக்கம் விடுபட்டால் அந்தப் பாட்டால் பயனில்லை.

ஆச்சிமாரின் பக்கங்களுக்கு அவர்களின் அயலட்டைப் பெண்களுக்கே முதல் நன்றி. வீட்டு ஆண்கள் தந்த குறிப்புகள் நான்கும் ஒரே அச்சு: இன்னாரின் மகள், இன்னாரின் பாரியார், இத்தனை பிள்ளைகளின் தாய், பண்பானவர். மூன்று வரியில் ஒரு சீவியம். அயல் பெண்களிடம் "ஆச்சி எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் அவர்களும் "நல்ல மனுசி" என்றுதான் தொடங்கினார்கள். கேள்வியை மாற்றியதும் பதில் மாறியது. விடிய எழும்பி முதலில் எதைத் தொடுவார், கையில் காசு எப்போது புழங்கியது, யாருக்கு என்ன செய்யக் காட்டிக்கொடுத்தார்? அப்படித்தான் ஓர் ஆச்சியின் ஒடியல் கணக்கு முழுதாக வந்தது. பனம்விதையை ஆவணி, புரட்டாதியில் பாத்தியில் அடுக்குவார், தை, மாசியில் கிழங்கு கிண்டுவார். தோல் உரித்து இரண்டாகப் பிளந்து பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். முறிக்கும்போது "டிக்" என்று ஒடியாத கிழங்கை மூட்டையில் கட்ட விடமாட்டாராம். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்து மூட்டை முழுதும் போய்விடும். பிட்டுக்கு எடுக்கும் ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பைப் போக்கிப் பிழிந்துதான் எடுப்பார். இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனது இந்த மூட்டைகளின் காசில் என்று சொன்னதும் அயல்வீட்டு அக்காதான். மகன் தந்த குறிப்பில் அது இல்லை.

கமக்கார அப்புவுக்கும் இப்படித்தான். குறிப்பில் "விவசாயி". அவரோடு தோட்டத்தில் நின்ற கூட்டாளி, எண்பத்தாறு வயதுக்காரர், அதைக் கேட்டுச் சிரித்தார். துலா (கிணற்றுத் தண்ணீர் அள்ளும் நெம்புமரம்) இறைப்பில் மூன்று பேருக்கு மூன்று வேலை. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார், ஒருவர் கிணற்றடியில் பட்டையைப் பிடித்து ஊற்றுவார், ஒருவர் பயிருக்குள் நின்று வாய்க்காலை மறித்துத் தண்ணீர் கட்டுவார். மிதிப்பவரின் அடி பிசகினால் மற்ற இரண்டு பேருடைய வேலையும் குழம்பும். அப்பு மிதிகாரர். இறைக்கும் மெசின் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு "விவசாயி" என்ற சொல் அதைக் காட்டாது.

காலம் சொல்லும்போது முதியவர்களிடம் ஆண்டு கேட்கக்கூடாது என்பதையும் இந்தக் கூட்டாளி அப்புதான் காட்டிக்கொடுத்தார். "புயலுக்கு முதலோ பிறகோ" என்று கேட்டால் 1964 மார்கழி. யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதற்கு முதலா என்றால் 1956. தமிழாராய்ச்சி மாநாட்டு வருடம் 1974, யாழ்ப்பாண லைபிரரி எரிந்தது 1981, சுனாமி 2004. இந்தக் கொழுவிகளில் மாட்டிய பிறகு பாடசாலைச் சேர்விடாப்பையும் சம்பவத்திரட்டையும் பார்த்து ஆண்டை உறுதி செய்தோம். இடாப்புகளைத் திறந்து காட்டிய அதிபர் அம்மாவுக்கும், அதே பெயருடைய மூன்று மாணவரைத் தகப்பன் பெயர் கொண்டு பிரித்துத் தந்த எழுதுவினைஞருக்கும் நன்றி. வம்சாவளிக்கு, நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இருக்கும் பழைய நினைவு மலர்கள் கைகொடுத்தன. ஒருவரின் கல்வெட்டில் இன்னொருவரின் பூட்டன் இருப்பார். மச்சாள் மச்சான் கலியாணங்களால் கோடு கோட்டை வெட்டிய இடங்களில் இரட்டைக் கோடு போட்டு வரைந்த தங்கச்சியின் பொறுமை பெரிது.

ஒலிப்பதிவு செய்த பிள்ளைகளே, நீங்கள் மூன்றாவது வீட்டில்தான் விசிறியை நிறுத்தினீர்கள். முதல் இரண்டு பதிவிலும் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது. அதன் பிறகு கைபேசியை மடித்த துவாயின் மேல், ஒரு முழத் தூரத்தில், அழைப்பு வராத விமானப் பயன்முறையில் வைத்தீர்கள், எல்லாம் தெளிவு. எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கும் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கும் இடையில் போனதும் நல்ல முடிவு. வெளிநாட்டுச் சொந்தம் அதற்குள்தான் வீட்டில் இருக்கும்.

ஸ்ரூடியோத் தம்பிக்குத் தனியாக. கண்ணாடியோடு ஒட்டிப்போன படம் ஒன்றை வீட்டார் கத்தியால் கிளப்பத் தொடங்கியிருந்தார்கள். ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் பிடித்துவிடும். கிளப்பினால் முகம் கண்ணாடியோடு போகும். அவர் தடுத்து, சட்டத்தோடு சேர்த்துக் கண்ணாடிக்கு மேலாலேயே, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழப் படம் எடுத்தார். மற்றப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் செய்தார். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியவற்றை எல்லாம் திருப்பி, கோப்பாக அனுப்பச் சொன்னார், படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஓர் ஆச்சிக்கு அடையாள அட்டைப் படம் தவிர வேறு படமே இல்லை. அதைப் பெரிதாக்கி மழுப்பாமல் முத்திரை அளவிலேயே போட்டோம். ஸ்ரூடியோத் தம்பியும் சம்மதித்தார்.

அச்சகத்தார் பாமினி எழுத்துருவில் இருந்த பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியபோது, இடையில் இருந்த ஆங்கிலப் பெயர்களும் தமிழ் எழுத்துகளாகிப் புரியாத சொற்களாக வந்தன. ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டார்கள். 96 பக்கத்துக்கு நடுவில் கம்பிப் பின் அடித்தால் உள்தாள்கள் வெளியே தள்ளும், ஓரம் வெட்டும்போது எழுத்தும் போகும். ஆகவே நூல் கட்டு. 300 படிக்கும் அதற்கு மேலதிகமாகக் காசு கேட்கவில்லை.

பிழை திருத்தியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து இருந்தார்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்தார். எண்களையும் பெயர்களையும் வேறாக ஒருமுறை. அந்த இரண்டாம் சுற்றில்தான் ஒரு மருமகன் விடுபட்டது தெரிந்தது. திகதி பிழைத்தால் ஊர் மன்னிக்கும். மருமகன் விடுபட்டால் ஏழு தலைமுறைக்கும் கதை நிற்கும்.

காசு தந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் செலவுக் கணக்கும் வாசிகசாலைப் பலகையில் இருக்கின்றன. தேநீரும் வடையும் தந்த வீடுகளுக்கு வாயால் சொல்லிவிட்டோம்.

மிச்சப் படிகள் வாசிகசாலையில் மாலை நாலு மணிக்குப் பிறகு கிடைக்கும். ஒவ்வொருவரின் பகுதிக்குப் பின்னும் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறோம். பிழை கண்டால், விடுபட்டது நினைவுக்கு வந்தால் அதில் எழுதுங்கள், யார் சொன்னது என்றும் போடுங்கள். பங்குனி முடிவதற்குள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாசிகசாலைக்குத் தந்தால், திருத்தத் தாளில் சேர்த்து 300 படிக்கும் கொடுப்போம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்
வாசிகசாலை, வடமராட்சி