கடல் போடும் அட்டவணை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை ஆற அமரப் படித்தேன். காலை 8 மணிக்குப் படகு, 10 மணிக்கு நீர் விளையாட்டு, 12 மணிக்கு மீன் காட்சியகம், 3 மணிக்கு வேறொரு கடற்கரை. வாரம் முழுக்க இப்படியே போகிறது. அலுவலகத்தில் இந்தத் தாளை நீட்டினால் உனக்குப் பாராட்டு கிடைக்கும். ஐந்து வயதுச் சின்னவளிடம் நீட்டினால் இரண்டாம் நாளே மணலில் உட்கார்ந்து அழுவாள். அவளைச் சமாதானப்படுத்திக் களைத்துப்போய் நீயும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பீர்கள். பாதியை அடித்துவிடு. மீதியை எப்போது செய்வது என்பதைக் கடலிடம் விட்டுவிடு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் போகிற கரையின் ஓத அட்டவணையை, அதாவது கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற நேரப்பட்டியலை, முதலில் தேடி எடு. இணையத்தில் கிடைக்கும், தங்குமிடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 7 மணிக்கு வற்றிய கடல் நாளை 7.50 வாக்கில்தான் வற்றும். தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிற ஒன்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, 'தினமும் காலை 7 மணிக்குக் கிளிஞ்சல் பொறுக்குதல்' என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் கூடுதல், வற்றமும் கூடுதல். மற்ற நாட்களில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறைகள் அப்போது தலைகாட்டும். கரைக்குக் கரை இது மாறும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 16 மீட்டர் வரை போகிறது. ஒரு முழம்கூடத் தேறாத கரைகளும் உண்டு.

இந்த அட்டவணையைப் பெரியவன் கையில் கொடுத்துவிடு. பதின்மூன்று வயதுக்காரனை 'வாடா, மணலில் விளையாடலாம்' என்று கூப்பிட்டால் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கமாட்டான். பொறுப்பு கொடுத்தால் தூக்குவான். கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் தண்ணீர் தொடும் கோட்டில் ஒரு குச்சி நடச் சொல். அதன்பின் மணிக்கொரு குச்சி. கடல் ஒரே வேகத்தில் ஏறும் என்றுதான் அவன் நினைப்பான். அப்படி ஏறாது. மாலுமிகள் வைத்திருக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதிக் கடல் ஏறிவிடுகிறது. சரிவு ஓரளவு சீராக இருக்கும் கரை என்றால் குச்சிகளுக்கு இடையிலுள்ள தூரமே இதைக் காட்டிவிடும். 'அடுத்த குச்சி எங்கே வரும்?' என்று ஆளுக்கொரு இடத்தைக் குறித்துப் பந்தயம் கட்டுங்கள். சம்பந்தியம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மர நிழலில் உட்கார்ந்தபடியே ஆடலாம், அவர்தான் ஜெயிப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் இன்னொரு லாபம்: பாறைத் திட்டுக்கு நடந்து போகிறவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த நடு மணி நேரங்களின் வேகம் தெரியாததால்தான். குச்சி நட்டுப் பார்த்த பிள்ளைக்கு அதை யாரும் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

மணல் கோட்டையும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும், தண்ணீர் இன்னும் இரண்டு மணி நேரத்தில் வந்து தொடும் என்று பெரியவன் சொல்கிற இடத்தில் கட்டுங்கள். எட்டாத உயரத்தில் கட்டினால் கட்டி முடித்ததும் சலிப்பு வந்துவிடும். கடல் வந்து இடிக்கப்போகிறது என்று தெரிந்தால் சுவர் எழுப்புவார்கள், வாய்க்கால் வெட்டுவார்கள், கத்துவார்கள், பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள். உலர்ந்த மணல் நிற்காது, தண்ணீரில் மிதக்கும் மணலும் நிற்காது. மணிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் இருந்து இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு ஈரம் போதும். வாளி நீரை ஊற்றிக் கொஞ்சம் வடியவிட்டு, கையால் அழுத்தி, அடியை அகலமாக வைத்து, செதுக்குவதை உச்சியிலிருந்து கீழாகச் செய்யுங்கள். சின்னவளுக்கு இதெல்லாம் வேண்டாம். கூழ் போன்ற ஈரமணலை விரலிடுக்கு வழியே சொட்டவிடக் கற்றுக்கொடு. சொட்டுச் சொட்டாகக் கோபுரம் எழும்பும்.

ஈரமணலில் அவள் காலை அழுத்தும்போது சுற்றிலும் மணல் வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆவதைப் பார்த்திருக்கிறாயா? அமுக்கினால் தண்ணீர் பிதுங்கி மேலே வரவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நெருக்கமாக அடுக்கியிருந்த மணிகள் மிதி பட்டு விலகுகின்றன, இடைவெளி பெரிதாகிறது, மேலே இருந்த நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1885இல் விளக்கியது இது. பெரியவனிடம் உடனே விடையைச் சொல்லிவிடாதே. ஒரு நாள் முழுக்க யோசிக்கட்டும்.

குழி தோண்டும் ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். உங்கள் கூட்டத்தில் ஆகக் குள்ளமானவரின் முழங்கால் ஆழத்துக்கு மேல் கூடாது. சுரங்கம் கூடவே கூடாது. மணல் சரிந்தால் நொடியில் மூடிவிடும், கையால் அள்ளி வெளியே எடுப்பது சுலபமில்லை. கிளம்பும்போது குழியை மூடிவிட்டு வாருங்கள். ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் கடலை நோக்கி ஊர்ந்து போகும் குஞ்சுகள் அதில் விழுந்துவிடும்.

கடல் வற்றியிருக்கும் நேரம் துப்பறிவதற்கு. வெறுமனே 'அழகான கிளிஞ்சல் பொறுக்கு' என்றால் பத்து நிமிடத்தில் பை நிறைந்துவிடும், ஆர்வம் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் ஒரு வழக்கைக் கொடு. சில சிப்பி ஓடுகளில் துளை போட்டதுபோல் ஒரே ஒரு வட்ட ஓட்டை இருக்கும். அது கொலை நடந்ததற்கான தடயம். மணலுக்குள் இரை தேடும் ஒருவகை நத்தை, சிப்பியைப் பிடித்து அமிலத்தைச் சுரந்து அதன் ஓட்டுப் பரப்பை இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளையிட்டு, உள்ளேயிருந்த உயிரைத் தின்றுவிட்டது. விளிம்பு உள்நோக்கிச் சரிந்து வழவழப்பாக இருந்தால் அந்த நத்தை. கன்னாபின்னாவென்று உடைந்திருந்தால் நண்டோ பறவையோ அலையோ. எந்தப் பக்கம் துளை அதிகம் என்று அடுக்கிப் பார்க்கட்டும். வெள்ளையாக, லேசாக, படகு வடிவில் ஒன்று கிடைத்தால் அது கணவாய் மீனின் உடம்புக்குள் இருந்த ஓடு. அதில் நிறைய நுண்ணறைகள். அவற்றில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மேலும் கீழும் மிதக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதப்பதைச் சின்னவளே பார்த்துவிடுவாள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போ. மணலில் உருட்டினால் பல கரைகளில் கறுப்பு மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம். உறையை உதறினால் அத்தனையும் உதிரும். இது பிடித்துவிட்டால் அரை நாள் உனக்கு ஓய்வு.

எடுப்பதற்கு முன் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். காலியாகத் தெரியும் சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம். அதற்குச் சொந்த ஓடு கிடையாது. நாம் அள்ளிக்கொண்டு வருவது அதன் அடுத்த வீடாகவும் இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவதுதான் என் கட்சி. உன் அம்மா 'ஆளுக்கு ஒன்று பரவாயில்லை' என்கிறாள். சட்டப்படி எதையும் எடுக்கக்கூடாத கரைகளும் உண்டு, விசாரித்துக்கொள். வெப்பக் கடல் என்றால் கூம்பு வடிவச் சங்கு உயிரோடிருக்கும்போது யாரும் தொடக்கூடாது. அதன் கொடுக்கில் விஷம். கரையில் செத்துக் கிடக்கும் ஜெல்லி மீனும் கொட்டும்.

காற்றுக்கும் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அதனால் முற்பகல் தாண்டியதும் கடலிலிருந்து காற்று கிளம்பி மாலை வரை அடிக்கும். பட்டம் விட அதுதான் வேளை. இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திசை மாறி, விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். பயணப் பெட்டியில் ஒரு காற்று மிதவை வைத்திருப்பதாகச் சொன்னாய். காலை நேரத்தில் கடல் கண்ணாடிபோல் இருக்கும், மிதவையை இறக்க ஆசை வரும். அந்தக் காற்று அதை உள்ளேதான் தள்ளும். அதை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்.

குளிக்கும் விஷயத்தில் மட்டும் நான் கறார். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவேதான் உயிர்காப்பாளர் பார்வை இருக்கிறது. சிவப்புக் கொடி என்றால் அன்று மணல் விளையாட்டோடு சரி. அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் இருண்டு தெரியும் இடத்தைப் பார்த்து 'இங்கே பத்திரம்' என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் இழுப்பு இருக்கும்; கரைக்கு வந்து சேர்ந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்துகொண்டே கை அசைத்து உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பை விட்டு வெளியேற வேண்டும். மாப்பிள்ளை நன்றாக நீந்துவார், தெரியும். அதனாலேயே அவரிடமும் இதைப் படித்துக் காட்டு.

மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது. நாலு பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறைக்காரர் கையில் கைபேசியோ புத்தகமோ இருக்கக்கூடாது. பெரியவன் ஓரளவு நீந்துகிறான் என்பதற்காகத் தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவனிடம் கொடுக்காதே. சின்னவள் தண்ணீரில் இருந்தால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருவர் நிற்கவேண்டும்.

வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தைத் தூக்கத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் விட்டுவிடு. குடைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டால் தப்பித்தோம் என்று இல்லை. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், தண்ணீரை விட்டு வந்ததும் தடவ வேண்டும். காதும் புறங்காலும் எப்போதும் விட்டுப்போகும்.

மேற்குப் பார்த்த கரை என்றால் சூரியன் மறையும்போது ஒரு வேடிக்கை செய்யலாம். விளிம்பு மட்டும் மிச்சமிருக்கும் கடைசி நொடிகளில்தான். அதற்கு முன் நேராகப் பார்க்க வேண்டாம். சின்னவள் மணலில் குப்புறப் படுத்திருக்கட்டும், பெரியவன் அப்பா தோளில் ஏறி உட்காரட்டும். அவளுக்கு முதலில் மறையும், அவனுக்குச் சில விநாடிகள் கழித்து. கண் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 3.6 கிலோமீட்டர் தூரம், 1.7 மீட்டரில் இருந்தால் 4.7 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதற்குக் குடும்பத்துக்குள்ளேயே சாட்சி கிடைத்துவிடும். பதின்மூன்று வயதுக்காரன் தோளில் ஏறினால் மாப்பிள்ளை முதுகு என்ன ஆகும் என்பதற்கு நான் பொறுப்பில்லை. கிழக்குக் கரை என்றால் இதையே விடியலில் தலைகீழாகச் செய்யுங்கள். யார் சீக்கிரம் எழுந்திருக்கப் போகிறீர்கள் என்பது வேறு விஷயம்.

இரவில் ஒரு முறையாவது கைவிளக்கோடு நடந்துவிட்டு வாருங்கள். பகலில் வளைக்குள் இருந்த நண்டுகள் அப்போதுதான் வெளியே வந்து ஓடும். சில இரவுகளில் அலை உடையும் இடத்தில் நீலமாக மினுங்கும். அது நுண்ணுயிர்கள் கலங்கும்போது விடும் ஒளி. வரும் என்று பிள்ளைகளிடம் உறுதி சொல்லிவிடாதே. ஆமைகள் வரும் பருவம் என்றால் விளக்கே வேண்டாம், அங்குள்ளவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

படகுப் பயணத்தை அடிக்கவேண்டாம். அது உன் ஆசை, எனக்குத் தெரியும். கடல் அமைதியாக இருக்கும் ஒரு காலையில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கும் படகாகப் பார்த்து ஏறு. சின்னவளுக்கு அவள் அளவில் அங்கி இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேள்.

சின்னவளுக்கு வெளிர்நீலத்தில் நீச்சலுடை எடுத்திருப்பதாகப் படம் அனுப்பினாயே, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீருக்குள் அந்த நிறம் இருக்கிற இடமே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சில் ஒன்று வாங்கு. அவள் அடம்பிடித்தால் நீலத்தைக் குளத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அப்பா