எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன ஆனீர்கள்? நம் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு, அக்காமார்களுக்கு, தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம், கரிசல்காட்டுக்கு நடுவில் இருக்கிற நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டுப் போன எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். 2024-ல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அப்படி உள்ளே வந்தவள் நான். என் பிள்ளையும் இதே பள்ளியில்தான் படிக்கிறான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பணம் கேட்கவில்லை. ஃபேன், பெஞ்சு, சுவருக்குப் பெயின்ட் எல்லாம் குழு பார்த்துக்கொள்ளும். எனக்கு வேண்டியது உங்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பக்கக் கடிதம். பள்ளியை விட்டுப் போன பிறகு என்ன செய்தீர்கள், இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள், அந்த வேலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள். அவ்வளவுதான்.

இது ஏன் தோன்றியது என்றால், பழைய ஆள் ஒருவருக்குச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்ததால் தலைமையாசிரியர் பீரோவிலிருந்து சேர்க்கை நீக்கல் பதிவேட்டை எடுத்தார். காலிகோ அட்டை போட்ட பெரிய நோட்டு. நடுத்தையல் விட்டுப்போய், பக்கங்கள் ஓரத்தில் பொடிகிற நிலையில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் புரட்டினேன். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அப்பாவின் தொழில், சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம். அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாகக் கூலி, கூலி, விவசாயம், கூலி. நீங்கிய காரணத்தில் ‘எட்டாம் வகுப்பு தேர்ச்சி’, ‘வெளியூர் சென்றதால்’, ‘தொடர்ந்து வராததால்’. அதோடு கட்டம் முடிந்துவிடுகிறது. உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பது பள்ளிக்குத் தெரியும். நீங்கள் என்ன ஆனீர்கள் என்பது தெரியாது.

அது தெரியாமல் இருப்பதால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளை சேர்க்க ஆசிரியர்களோடு நாங்களும் வீடு வீடாகப் போகிறோம். காலை உணவு உண்டு, புத்தகம் உண்டு, சீருடை உண்டு என்று சொல்வோம். திண்ணையில் இருக்கிற அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பார்: ‘சரி, இங்க படிச்சவங்க யாரு என்ன ஆனாங்க?’ நியாயமான கேள்வி. பெற்ற பிள்ளையை ஒப்படைக்கப் போகிறவர் கேட்கத்தான் செய்வார். எங்களுக்குத் தெரிந்தது நான்கைந்து பெயர்கள்தான். போலீஸில் இருக்கிறவர், டீச்சர் ஆனவர், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனவர். பல வருஷமாக அதே பெயர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் ஆங்கில மீடியம் வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை அறுபதைத் தொடவே கஷ்டப்படுகிறது.

உங்களில் மூன்று தலைமுறை இருக்கிறது. நான் அதைச் சாப்பாட்டை வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன். காமராஜர் 1956-ல் நமக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார் என்று பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்கு அப்புறம் வெளிநாட்டு உதவியில் வந்த கோதுமை ரவையில் உப்புமா கிண்டிப் போட்டார்கள், பால் பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்தாயிற்று. 1982-ல் சத்துணவு வந்தது. தட்டைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் இரண்டாவது கூட்டம், முட்டை வந்த நாட்களை மறக்காதவர்கள். கலவை சாதத்தில் வளர்ந்து இப்போதுதான் காலேஜில் கால் வைத்திருக்கிறவர்கள் மூன்றாவது. 2022-ல் காலை உணவும் வந்துவிட்டது. அதைச் சாப்பிடுகிற பிள்ளைகள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். உங்கள் கடிதங்களைப் படிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

முதல் கூட்டத்து அக்காமார்களுக்கும் மதினிமார்களுக்கும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் ‘தொடர்ந்து வராததால்’ என்று அதிகம் எழுதியிருப்பது உங்கள் பெயருக்கு எதிரேதான். எங்கே போனீர்கள் என்று ஊருக்குத் தெரியும். விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும், தூக்குவாளியோடு ஏறிவிடுவீர்கள். குச்சி அடுக்கினீர்கள், பெட்டி ஒட்டினீர்கள். பிள்ளைகளை இந்த வேலையில் வைக்கக் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தபோது உங்களில் பலருக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். உங்கள் கூலியில்தான் தம்பிமார்கள் பத்தாவது முடித்தார்கள். ‘நான் என்னத்த எழுத, நாலாப்பு கூட முடிக்கலையே’ என்று இரண்டு மூன்று பேர் என்னிடமே சொன்னீர்கள். உங்கள் கடிதம் கட்டாயம் வேண்டும். நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் பேத்தி எழுதட்டும். இன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் இருக்கிற பெண்பிள்ளைக்கு அந்த பஸ்ஸைப் பற்றி வேறு யார் சொல்வார்கள்?

முறுக்கு கம்பெனிக்குப் போன தம்பிமார்களும் எழுத வேண்டும். மகாராஷ்டிரா பக்கம் போய்ப் பல வருஷமாக இருக்கிற ஒரு தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வந்தாயிற்று. இரண்டு பக்கம், கோடு போட்ட தாளில், பேனா மாறி மாறி எழுதியிருக்கிறார். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைப்பது, மாவு பிசைகிறவருக்கும் பிழிகிறவருக்கும் எண்ணெய்ச் சட்டியில் நிற்கிறவருக்கும் கூலி எப்படி வித்தியாசப்படும், கடை கடையாகச் சரக்குப் போட லைனுக்குப் போகிறவர் இந்தி கற்றுக்கொள்ள எத்தனை மாதம் ஆகும் என்று எல்லாம் எழுதியிருந்தார். முக்கியமாக ஒன்று சொல்லியிருந்தார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எவ்வளவு வாங்கினோம், மாதம் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று சொந்தமாக ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டுமாம். அவர் முதல் வருஷம் எழுதி வைக்கவில்லையாம், கடன் எப்போது தீர்ந்தது என்றே தெரியாமல் போயிற்றாம். இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு ஆசிரியர் அதை வாசித்துக் காட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, அட்வான்ஸ் வாங்காமல் போனால் என்ன ஆகும் சார் என்று கேட்டான். அவனுடைய அண்ணன் அந்த மாதம்தான் கிளம்புவதாக இருந்தது. அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடித வேலையை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆகவே பெரிய வேலையில் இருக்கிறவர்கள் மட்டும் எழுதினால் போதாது. கலெக்டர் ஆனதைக் கேட்டுப் பிள்ளை கை தட்டும், அப்புறம் மறந்துவிடும். பக்கத்துத் தெரு அக்கா நர்ஸ் ஆனது எப்படி என்று கேட்டால் தானும் போகலாம் என்று தோன்றும். அந்த ‘எப்படி’ உங்களிடம்தான் இருக்கிறது. விண்ணப்பம் எங்கே வாங்கினீர்கள், என்ன சான்றிதழ் இல்லாமல் முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள், ஹாஸ்டலுக்கு எவ்வளவு கட்டினீர்கள், பீஸ் கட்ட யாரிடம் கடன் வாங்கினீர்கள், எந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தீர்கள். இதை எழுதுங்கள்.

சில விஷயங்கள் நம் ஊரில் உரிய நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை. ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் மாதிரிப் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு முடித்திருந்தாலே சேரலாம் என்பது நம் பள்ளியோடு படிப்பை நிறுத்திய எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்எம்எம்எஸ் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் கணக்கில் உதவித்தொகை வரும். நான்கு வருஷத்துக்கு 48,000 ரூபாய். அதை வாங்கியவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். எந்தப் பாடத்தில் எப்படித் தயார் செய்தீர்கள் என்று ஒரு பாரா எழுதினால் இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அது போதும். குரூப் 4 எழுதி வேலைக்குப் போனவர்கள், பத்தாவதுதான் அடிப்படைத் தகுதி என்பதையும், எத்தனையாவது முயற்சியில் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அது கிடைக்க ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022-ல் புதுமைப் பெண் திட்டத்தில் காலேஜ் போகிற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோதும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்குதான். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. ஆறு, ஏழு, எட்டு என்ற அந்த மூன்று வகுப்பும் நம் பள்ளியில்தான் இருக்கின்றன. ஆறாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றி, திரும்ப ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இது என்ன ஆயிற்று என்று அவர்களே எழுதினால் நாங்கள் ஆயிரம் தடவை சொல்வதை விட அது பெற்றோருக்கு உறைக்கும். மாதம் வந்த அந்த 1000 ரூபாயில் என்ன வாங்கினாய், எதை மிச்சம் பிடித்தாய் என்று ஒரு தங்கை எழுதட்டும். அதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் அடுத்த வருஷம் வேன் டிரைவர் நம்பரைத் தேட மாட்டார் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதும்போது கொஞ்சம் கவனிக்க வேண்டியது, கூட்டிச் சொல்லாதீர்கள். வெளிநாட்டில் சூப்பர்வைசர் என்று ஊரில் சொல்லியிருப்பீர்கள், அங்கே சாரம் கட்டுகிற வேலையாக இருக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. நாற்பது மாடி உயரத்தில் நின்று வேலை பார்த்த ஆள் நம் பள்ளியில் படித்தவர் என்பது பிள்ளைகளுக்குச் சாதாரண விஷயமா? வேலை போனவர்கள், தொழிலில் நஷ்டப்பட்டவர்கள், இன்ஜினீயரிங் முடித்துவிட்டுச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போனவர்கள், அதையும் உள்ளபடி எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம், படித்த வருஷம் மட்டும் போதும். சம்பளம் சொல்ல விருப்பமில்லையா, விட்டுவிடுங்கள்.

‘சும்மா வீட்டில்தான் இருக்கேன்’ என்று சொல்கிற பெண்கள் தயவுசெய்து அந்த வரியோடு நிறுத்தாதீர்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறீர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறீர்கள், பேங்க் மேனேஜரிடம் போய் லோன் கேட்டு வாங்கி வருகிறீர்கள். இங்கே கற்றுக்கொண்ட வாய்ப்பாடுதானே அந்த வட்டிக் கணக்கைப் போடுகிறது?

மற்றவர்களை எழுதச் சொல்கிறவள் முதலில் எழுத வேண்டும் அல்லவா? முதல் பக்கம் என்னுடையது. எட்டாவது வரை இங்கே. பஸ் பாஸில் டவுனுக்குப் போய்ப் பிளஸ் டூ. காலேஜில் இடம் கிடைத்தும் வீட்டில் அனுப்பவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின். கல்யாணம். ஊருக்குத் திரும்பி வந்ததும் தையல். இப்போது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர், அரசு கொடுக்கிற இலவசச் சீருடையை நாங்கள்தான் தைக்கிறோம். சீருடை தைத்து அனுப்பிய பிறகு கூலி கைக்கு வர எவ்வளவு நாள் ஆகும், சங்கத்தில் சேர என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அடுத்து நடைமுறை. பள்ளியில் தனியாக ஒரு நீள நோட்டு போட்டாயிற்று. தலைமையாசிரியர் சீல் வைத்துப் பக்க எண் போட்டுக் கொடுத்திருக்கிறார். தபாலில் அனுப்பினால் பள்ளி முகவரிக்கே அனுப்புங்கள், அப்படியே ஒட்டி வைப்போம். எழுத நேரமில்லாதவர்கள் என் போனுக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள், நம்பர் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. கேட்டு எழுதிவிட்டு உங்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் நோட்டில் ஏற்றுவேன். லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் நேரில் வந்து பிள்ளைகளிடமே சொன்னால் இன்னும் நல்லது. ஒரு பீரியட் ஒதுக்கித் தருவதாக ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இறந்துபோனவர்களுக்கும் பக்கம் உண்டு. அவர்கள் வீட்டில் யாராவது எழுதிக் கொடுங்கள்.

ஏப்ரலில் வீடு வீடாகப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகப் போகிறோம். அதனால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே கொடுத்துவிட்டால் வசதி. பொங்கலுக்கு வர முடியாதவர்கள் மார்ச் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு அதே வராண்டாவில் உட்கார்ந்து படித்த,
பள்ளி மேலாண்மைக் குழுவின் முன்னாள் மாணவர் உறுப்பினர்