சீட் கவர் தைத்துத் தந்த அண்ணனுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

கார் விபத்தில் அடிபட்ட அம்மாவை நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எழுந்து உட்காருகிறார். தண்ணீரைத் தானே பிடித்துக் குடிக்கிறார். இருமினால் மட்டும் விலாப் பக்கம் கையை வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். என்ன நடந்தது என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. காரில் இருந்த எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அது போதும்.

தங்கள் வண்டிகளை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தவர்களுக்கும், யார் என்றே தெரியாத என் அம்மாவின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு "பேசிக்கிட்டே இருங்கம்மா" என்று ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக் கொடுத்த பெண்ணுக்கும், ஆம்புலன்ஸில் வந்த இருவருக்கும், ராத்திரியெல்லாம் கண் விழித்த நர்ஸுகளுக்கும் மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுக்க வந்து நின்றவர்களுக்கும், பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவேன். இன்றைக்கு ஒருவருக்குக் கொஞ்சம் விரிவாக எழுதியாக வேண்டும். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரியாது.

எங்கள் காருக்கு சீட் கவர் தைத்துத் தந்த அண்ணா, இது உங்களுக்கு.

உங்களுக்கு எங்கள் முகம் நினைவிருக்க நியாயமில்லை. பழைய காராக வாங்கி, முந்தைய கவர் கிழிந்து கிடந்ததால் மாற்றித் தரச் சொல்லி வந்தோம். என்ன நிறம், என்ன துணி என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் பின்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பழைய கவரைத் தூக்கிவிட்டு, சீட்டின் இடுக்கில் கையை விட்டுத் துழாவி, தூசியும் நூலுமாகப் புதைந்து கிடந்த, சீட் பெல்ட்டை மாட்டும் பக்கிள்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தீர்கள். கவரைப் போட்டவர்கள் அவற்றின் மேலேயே இழுத்துத் தைத்து மூடியிருந்தார்கள். "பின்னாடி யாரும்மா உக்காருவாங்க?" என்று கேட்டீர்கள். அம்மாதான், அவருக்கு விரல் மூட்டெல்லாம் வலி, மடக்க முடியாது என்றேன். சரி என்று தலையாட்டினீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

மாலையில் வண்டியை எடுக்க வந்தபோது பார்த்தோம். ஒவ்வொரு பக்கிளுக்கும் கவரில் அளவாக ஒரு வாய் வெட்டி, ஓரத்தை மடித்து, இரட்டைத் தையல் போட்டிருந்தீர்கள். பக்கிள் சாய்ந்து உள்ளே போய்விடாதபடி கவரிலேயே ஒரு எலாஸ்டிக் பட்டி. சிவப்புப் பொத்தான் மேலே பார்த்தபடி நிமிர்ந்து நின்றது. அதோடு விடவில்லை. நீங்களே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால் பெல்ட்டை இழுத்து மாட்டிப் பார்த்தீர்கள். இடப்பக்கம் சரியாக விழவில்லை. தையலைப் பிரித்து மறுபடி தைத்தீர்கள். "இருட்டுல தேடாம கை போகணும்மா, தேட வேண்டியிருந்தா யாரும் போட மாட்டாங்க" என்றீர்கள். இதற்கென்று கூடுதலாக எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துண்டு இருப்பதைக் காட்டி, அந்த ஓரத்தை இறுக்கித் தைத்தால் உள்ளேயிருந்து பை வெடித்து வர வழியிருக்காது என்று சொல்லி அதைத் திறந்தே விட்டதும் நீங்கள்தான். இன்னொருவர் வந்து, பெல்ட் போடாமலே எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்துகிற அந்த க்ளிப் வேண்டும் என்று கேட்டார். அதெல்லாம் நான் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தீர்கள்.

அதற்கு முன்பெல்லாம் யாருடைய காரில் ஏறினாலும் அம்மா கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "கை போய்ச் சேரல, விடு" என்பார். உங்களிடமிருந்து கார் வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. நான் உதவப் போனால் கையைத் தட்டிவிடுவார். அன்றைக்கும் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாட்டியிருந்தார்.

மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று, பின்னால் இருந்தவர் பெல்ட் போட்டிருந்தாரா என்பது. தோளிலிருந்து நெஞ்சைக் குறுக்காகக் கடந்து இடுப்புவரை பட்டை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. வயிற்றில் அப்படிக் கன்றியிருந்தால் உள்ளே குடலுக்கோ மண்ணீரலுக்கோ அடி பட்டிருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுத்து, விடாமல் கண்காணித்தார்கள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் தாழ்ந்து உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று என்றார் மருத்துவர். தோளெலும்பும் விலாவும் இடுப்பெலும்பும் அடியைத் தாங்கிக்கொண்டன. விலாவில் விரிசல், நுரையீரலில் கன்றல். அது ஆறிவிடும் என்கிறார்கள்.

தூக்கம் வராத ராத்திரிகளில் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டுண்டு இல்லாத உடம்பு அதே வேகத்தில்தான் முன்னால் போகும். ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிறவருக்குத் தரையைத் தொடும்போது இருக்கிற வேகம் அது. கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதெல்லாம் வீண். பின்சீட்டில் இருப்பவருக்கு எதற்கு பெல்ட் என்று கேட்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அம்மா பெல்ட் போடாமல் இருந்திருந்தால், ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் முதுகில்தான் மோதியிருப்பார். ஆக, நீங்கள் வெட்டிய அந்த வாய் இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

தோளுக்கும் இடுப்புக்குமாகச் சேர்த்துப் போடும் இந்த பெல்ட்டை வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். அதற்கு முன்னால் விமானங்களில் ஆபத்து நேரத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை செய்தவர். 1959-இல் வோல்வோ கார்களில் இது வந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. ஒரே கையால் மாட்ட வேண்டும், உடம்பின் உறுதியான எலும்புகளில் உட்கார வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. 2002-இல் அவர் காலமாகிவிட்டார். அவருக்கும் என் நன்றி. ஆனால் அத்தனை பேர் அத்தனை வருடம் யோசித்துச் செய்த பொருள் எங்கள் காரில் ஒரு துணிக்கு அடியில் கிடந்தது. அதை அம்மாவின் கைக்கு எட்ட வைத்தவர் நீங்கள், அண்ணா.

இனி நான் ஏறும் எந்தக் காரிலும் பின்சீட்டில் பக்கிள் எங்கே என்று கேட்காமல் இருக்கப் போவதில்லை. வாடகைக் காராக இருந்தாலும் சரி, உறவுக்காரர் காராக இருந்தாலும் சரி. "பக்கத்துலதானே போறோம்" என்று பெரியவர்கள் சொன்னாலும் மாட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். கர்ப்பமாக இருக்கும் என் தங்கைக்குக் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டிப் போடக் காட்டிக் கொடுத்துவிட்டேன். மேல்பட்டையைக் கக்கத்துக்கு அடியில் செருகிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. அதையும் நிறுத்தியாயிற்று.

கார் பட்டறையில் கிடக்கிறது. ஒரு விபத்தைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி நம்பக்கூடாது, அடிபடும் நொடியில் பட்டையைச் சுண்டி இறுக்கும் கருவியும் ஒருமுறைதான் வேலை செய்யும் என்கிறார்கள். அதனால் அதே வண்டி திரும்பி வந்தாலும் பெல்ட்டுகள் புதிதாகத்தான் இருக்கும். வேறு வண்டி வாங்கினாலும் முதலில் உங்களிடம்தான் கொண்டுவருவோம். அம்மாவும் வருவார். தைத்து முடித்ததும் இந்த முறை தானே உட்கார்ந்து மாட்டிப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.