பூட்டு நம்பரும் பஸ் நம்பரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளிடம் வெளிநாடு போகும் பெற்றோர் அங்கே ஒட்ட முடியாமல் சீக்கிரமே ஊர் திரும்பிவிடுவது பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். குளிரும் சாப்பாடும்தான் காரணம் என்று எழுதியிருந்தது. என் அனுபவம் வேறு. குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது. சாப்பாட்டுக்கு, நான் இப்போது இருக்கும் கனடாவின் ஸ்கார்பரோவில் முருங்கைக்காய் முதல் கருவாடு வரை கிடைக்கிறது.

நான் 27 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில்தான் தொங்கும். கனடாவுக்கு மகனிடம் வந்த பிறகு வீட்டுக் கதவைத் திறக்கக்கூட எனக்குத் தெரியவில்லை; நம்பர் பூட்டு. டிசம்பரில் ஒருநாள் காலை குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கப் போனேன். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. காலில் ரப்பர் செருப்பு, சுற்றிலும் பனி. பக்கத்து வீட்டுச் சீனத்துப் பாட்டி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் வெந்நீர் கொடுத்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

"இனிமே தனியா வெளியே போகாதீங்கம்மா" என்றான் மகன். அக்கறைதான். ஆனால் அதற்குப் பிறகு ஜன்னலே கதி என்றாகிவிட்டது. எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில் மத்தியானம் 2 மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும்போல இருக்கும். அப்போது ஊரில் நடுராத்திரி பன்னிரண்டரை. தங்கச்சியை எழுப்பவா முடியும்? பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்குக் கனடா தரும் சூப்பர் விசாவில் ஒருமுறை வந்தால் 5 வருடம் வரை தங்கலாம் என்று மகன் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மருமகள்தான் இதற்கு வழி கண்டுபிடித்தாள். பூட்டு நம்பரைக் காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பஸ்ஸில் வந்தாள். பஸ் கட்டணக் கார்டை ஒருமுறை தட்டினால் 2 மணி நேரத்துக்கு எந்த பஸ்ஸிலும் மாறி ஏறலாம். அதனால் தனியாகப் போன முதல் நாளே தப்பான பஸ்ஸில் ஏறியும் காசு நஷ்டமில்லை. "எங்க இறங்கப் போறியள் அம்மா?" என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் கேட்டாள். திரும்பி ஏற வேண்டிய நிறுத்தத்தையும் அவளே காட்டினாள். இப்போது வாரம் இருமுறை நூலகம் போகிறேன். தமிழ்ப் புத்தகம் இருக்கிறது.

ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீடு எடுத்துத்தான் எங்களை அழைக்கிறீர்கள், பிள்ளைகளே. வந்திறங்கிய முதல் வாரமே பூட்டு நம்பரையும் பஸ் நம்பரையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

— ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
திருக்காட்டுப்பள்ளி (இப்போது ஸ்கார்பரோ, கனடா)