பழி டயர் மேல், பிழை டேப்பில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் மலை சைக்கிள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் "டியூப்லெஸ் டயர் போட்டுவிட்டால் காற்று இறங்கும் கவலை விட்டது" என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே பேச்சை நம்பி 3,200 ரூபாய் தண்டம் அழுதவன் நான்.

பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றதும் சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார்கள், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மகள் ஒரு மலை சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். விடிகாலையில் திருநகரிலிருந்து விளாச்சேரி வழியாகக் கீழக்குயில்குடி போய், சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளத்தங்கரையில் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். போகிற பாதையெல்லாம் சீமைக் கருவேல முள். மாதத்துக்கு நாலு பஞ்சர். சரி, டியூப்பைக் கழற்றிவிட்டு டியூப்லெஸ்ஸாக மாற்றுவோம் என்று இறங்கினேன். நூறு பவுண்டு காற்று பிடிக்கிற பஸ் டயரையே கழற்றி மாட்டியவனுக்கு, 25 பவுண்டு சைக்கிள் டயர் ஒரு பொருட்டா என்கிற தெனாவட்டு வேறு.

முதல் நாள் சாயங்காலம் 28 பவுண்டு வைத்தேன். காலையில் பார்த்தால் பத்து. மறுநாளும் அப்படியே. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். சக்கரத்தைத் தண்ணீரில் முக்கிக்கூடப் பார்க்காமல், "டயர் சைடு போயிருச்சுங்கய்யா, மாத்திரணும்" என்றார் கடைக்காரர். மாற்றினேன். புது டயரிலும் ராத்திரியோடு ராத்திரியாகக் காற்று இறங்கியது.

அப்புறம்தான் புத்தி வந்து, வீட்டுக்காரியின் பெரிய அண்டாவில் தண்ணீர் பிடித்துச் சக்கரத்தை முக்கினேன். டயரிலிருந்து ஒரு குமிழி வரவில்லை. எல்லாம் ரிம்மில், போக்ஸ் கம்பி நுழைகிற துளைகளிலிருந்து வந்தது. முப்பத்திரண்டில் எட்டுத் துளை.

பிழை என்னுடையதுதான். ரிம்முக்குள்ளே ஒட்டுகிற டேப்புக்குக் காசு எதற்கு என்று, வீட்டில் கிடந்த கரண்ட் டேப்பை இரண்டு வரிசையாக ஒட்டியிருந்தேன். பஸ் சக்கரத்தில் டியூப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஃபிளாப் என்று ஒரு ரப்பர் பட்டை போடுவோம். அது டியூப்பை ரிம் உரசாமல் காக்கும். காற்றை அடைக்கிற வேலை அதற்கில்லை. சைக்கிள் டேப்பையும் அந்தக் கணக்கில்தான் நினைத்திருந்தேன். ஆனால் டியூப்லெஸ் சைக்கிளில் டயருக்குள் இருக்கும் காற்றுக்கும் அந்தத் துளைகளுக்கும் நடுவே இருப்பது அந்த டேப் மட்டும்தான். மதுரை வெயிலில் கரண்ட் டேப்பின் பசை இளகி, இரண்டு வரிசைக்கும் நடுவில் வாய் பிளந்துவிட்டது. 1999இல் மாவிக் என்கிற பிரெஞ்சுச் சக்கரக் கம்பெனி இந்த முறையைக் கொண்டுவந்தபோது, உள்பக்கம் துளையே இல்லாத ரிம்மாகச் செய்தார்களாம். துளையுள்ள ரிம்மென்றால் டேப் இல்லாமல் ஆகாது.

ஆகவே காற்று இறங்கினால் முதலில் டேப்பைப் பாருங்கள். ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் அகலத்தில் இருக்க வேண்டும். எனது ரிம் 25, டேப் 28. பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, விறைப்பாக இழுத்து ஒட்ட வேண்டும். ஆரம்பித்த இடத்தின் மேலேயே ஒரு சாண் தாண்டி முடிக்க வேண்டும். வால்வுக்குத் துளை போடக் கத்தி வேண்டாம், கீறல் ஓடிவிடும். நான் கோணூசியை அடுப்பில் காட்டிக் குத்தினேன். ஓரம் உருகிச் சுற்றிலும் படிந்துகொண்டது.

அடுத்தது வால்வு. இந்தச் சைக்கிள்களில் இருப்பது ஒல்லி வால்வு. பெட்ரோல் பங்க் குழாய் அதில் நேராகப் பொருந்தாது; சின்னப் பித்தளை மூடி ஒன்று போட்டுத்தான் அடிக்க வேண்டும். அது தெரியாமல் அழுத்தி, உள்ளே இருக்கும் பின்னை வளைத்துவிட்ட பையனை நேரில் பார்த்திருக்கிறேன். திருகு மாட்டும் பம்ப்பைக் கழற்றும்போது பின்னும் சேர்ந்து இளகிவிடுவது உண்டு. வால்வு நுனியில் எச்சில் தொட்டு வைத்தால் தெரிந்துவிடும். அடியில் இருக்கும் மரையைக் கையால் இறுக்கினால் போதும், கொறடு வேண்டாம்.

இனி சீலன்ட், அதாவது டயருக்குள் ஊற்றுகிற திரவம். பால் மாதிரி வெள்ளையாக, அமோனியா நாற்றத்தோடு இருக்கும். ரப்பர் பாலை வைத்துச் செய்வதுதான். முள் குத்தின ஓட்டையை அடைப்பது அதன் இரண்டாவது வேலை என்பது எனக்கே தாமதமாகத்தான் விளங்கியது. கார் டயருக்கு உள்பக்கம் காற்றுப் புகாத தடித்த ரப்பர் பூச்சு உண்டு. சைக்கிள் டயரில் எடை குறைக்க அதை மெலிதாக்கிவிடுகிறார்கள். பக்கச் சுவர் வியர்க்கிற மாதிரி காற்றைக் கசியவிடும். அந்த நுண்துளைகளில் போய் அடைவதுதான் சீலன்டின் முதல் வேலை. நான் ஊற்றியதும் சக்கரத்தை நிமிர்த்தியே நிறுத்திவைத்தேன். அத்தனையும் அடியில் போய்த் தேங்கியது. குலுக்கிச் சுழற்றி, அண்டா வாய் மேல் ஒரு பக்கம் அரை மணி, மறுபக்கம் அரை மணி படுக்கப் போட்டு, அப்புறம் நாலு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வர வேண்டும்.

அளவு? என் 27.5 அங்குலச் சக்கரத்துக்கு 90 மில்லி. பேரனுக்கு டானிக் ஊற்றும் பத்து மில்லி மூடியால் ஒன்பது தடவை ஊற்றினேன். பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால், அடைக்கிற துகள் பாட்டில் அடியிலேயே தங்கிவிடும். இரண்டு மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு நான் இரண்டு மாதம்தான் கணக்கு வைத்திருக்கிறேன். வால்வு பின்னைக் கழற்றி, விளக்குமாற்று ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் ஈரம் எவ்வளவு என்று தெரியும். வால்வு மேல் பக்கம் இருக்கும்போது காற்றை விடுங்கள். அடியில் இருந்தால் முகத்தில் அபிஷேகம்தான். எனக்கு ஆனது.

இதையெல்லாம் செய்தும் வாரத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு இறங்கத்தான் செய்யும். டியூப் போட்டாலும் இறங்கும். மத்தியான வெயிலில் அளந்ததற்கும் விடியலில் அளந்ததற்கும் ஒரு பவுண்டு வித்தியாசம் வந்தால் அது ஓட்டையில்லை, சூடு. எப்போதும் காலையில் அளந்தால் குழப்பமில்லை.

முள்ளைப் பொறுத்தவரை, கருவேல முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை அடியில் வரும்படி சக்கரத்தைச் சுழற்றிவிட்டால் அடைந்துவிடும். ஆணி, பாட்டில் சில்லு என்றால் மோட்டார் சைக்கிளுக்குப் போடுவது போன்ற ரப்பர் திரிதான், அதிலேயே சன்னமானது. அதற்கும் அடங்காமல் வழியில் டியூப் மாட்ட நேர்ந்தால், முதலில் டயருக்குள்ளே துணி சுற்றிய விரலால் தடவுங்கள். சீலன்ட் அடைத்து வைத்திருந்த பழைய முள்ளெல்லாம் அங்கேயே நிற்கும். என் டயரில் பதினேழு இருந்தது. அப்படியே டியூப்பைப் போட்டிருந்தால் பத்தடி தாண்டியிருக்காது.

முள் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதெல்லாம் சரி. வெட்டுகிறவர்கள் கட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, முள் கொப்பைக் கண்மாய்க் கரைப் பாதையிலேயே பரப்பிவிட்டுப் போகிறார்கள். சைக்கிளை விடுங்கள், ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பாதையில்தான் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். கொப்பையும் ஓரம் கட்டச் சொல்லித் தங்கள் நாளிதழ் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

கடைக்காரர் "போயிருச்சு" என்று சொன்ன அந்தப் பழைய டயரை நான் தூக்கிப் போடவில்லை. சரியான டேப் ஒட்டிப் பின் சக்கரத்தில் மாட்டியிருக்கிறேன். போன திங்கட்கிழமை 26 பவுண்டு வைத்தது, இன்று காலை 25.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டயர் பிரிவுத் தொழிலாளி,
திருநகர், மதுரை.