மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது ஒளியில் எத்தனை பங்கு?

அன்பு மகனுக்கு,

நலம்தானே? நேற்று தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரின் வேகத்தை ஒளி வேகத்தின் பங்காக எழுதினால் புள்ளிக்குப் பின் சுழியங்களாக வருகின்றன, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாய். நிறையச் செய்யலாம், கண்ணா.

முதலில் கணக்கு. வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்கிறது. மணிக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய 108 கோடி கிலோமீட்டர். ஆகவே மணிக்கு 108 கிலோமீட்டரில் ஓடும் காரின் வேகம் ஒளி வேகத்தில் கோடியில் ஒரு பங்கு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள், மற்றவை மனக்கணக்கிலேயே வந்துவிடும். 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் பன்னிரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. 5.4 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் இருபது கோடியில் ஒரு பங்கு. மைலில் தொடங்கினாலும் இதே விடைதான் கிடைக்கும். மேலும் கீழும் ஒரே அலகு இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது, எண் மட்டும் மிஞ்சுகிறது. எந்த நாட்டு அளவுகோலையும் சாராத எண் அது.

அந்த எண்ணை நேரடியாகப் படிக்கும் கருவி ஒன்று உனக்கும் தெரியும். சாலையோரத்தில் போலீசார் வைத்திருக்கும் ரேடார். அந்தக் கருவிகளில் பல நொடிக்குச் சுமார் 2,400 கோடி முறை அதிரும் அலையை அனுப்புகின்றன. எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும். எவ்வளவு கூடும் என்றால், நீ பயனற்றது என்ற அதே பங்கின் இரு மடங்கு. போட்டுப் பார்: 2,400 கோடியில், கோடிக்கு இரண்டு என்றால் 4,800. நொடிக்கு 4,800 அதிர்வுகள் என்பது ஒலியாக மாற்றினால் காதுக்கே கேட்கும் அளவு. கருவி எண்ணுவது இதைத்தான். பிறகு நமக்குப் புரியட்டும் என்று கிலோமீட்டராக மாற்றிக் காட்டுகிறது.

இதைவிட என்னை நெகிழ வைப்பது ஜேம்ஸ் பிராட்லி என்ற ஆங்கிலேய வானியலாளரின் கண்டுபிடிப்பு. 1725 டிசம்பரில் லண்டனை அடுத்த கியூவில் அவரும் சாமுவேல் மோலினோவும் நேர் மேலே பார்க்கும் தொலைநோக்கி ஒன்றால் காமா டிராகோனிஸ் என்ற விண்மீனைக் கவனிக்கத் தொடங்கினார்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். அது நகர்ந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையில் நகரவில்லை. காரணத்தை 1728-இல் பிராட்லி கண்டுபிடித்தார். நேராகப் பெய்யும் மழையில் வேகமாக நடந்தால் குடையை முன்பக்கம் சாய்க்கிறோம் அல்லவா? அதுபோல ஓடும் பூமியிலிருந்து பார்ப்பவர் தொலைநோக்கியையும் பூமி போகும் திசையில் சற்றுச் சாய்க்க வேண்டியிருக்கிறது. சாய்வு சுமார் 20 விகலை. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு விகலை; எவ்வளவு நுண்ணிய கோணம் என்று பார்த்துக்கொள். பூமியின் வேகம் ஒளி வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதை அந்தக் கோணம் சொல்லிவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று யோசி. சூரியன் எத்தனை தொலைவில் இருக்கிறது என்பது அன்று யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. அதனால் பூமி நொடிக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்பதும் தெரியாது, ஒளியின் வேகமும் தெரியாது. இரண்டின் விகிதம் மட்டும் கைக்கு வந்துவிட்டது: ஒளி 10,210 மடங்கு வேகம் என்றார் பிராட்லி. வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப்போல் 2பை மடங்கு அல்லவா? பூமி சூரியனைச் சுற்றிவரும் ஓராண்டின் கால அளவை 2பை-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 10,210-ஆல் வகுத்தால், சூரிய ஒளி நம்மை வந்தடைய 8 நிமிடம் 12 நொடி ஆகும். இன்றைய அளவு 8 நிமிடம் 19 நொடி! பங்கு முதலில் வந்தது, கிலோமீட்டர் பிறகுதான் வந்தது.

இந்தப் பங்கை வர்க்கப்படுத்திப் பாதியாக்கினால் வேகமாக நகரும் கடிகாரம் நின்ற இடத்தில் இருக்கும் கடிகாரத்தைவிட எவ்வளவு பின்தங்கும் என்பதும் கிடைக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நொடிக்கு 3.9 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, ஒளியில் ஏறக்குறைய 77,000-இல் ஒரு பங்கு. வர்க்கம் இன்னும் எத்தனை சிறியது பார். ஆனாலும் நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பின்தங்கல் சேர்கிறது. அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் கடிகாரம் முந்தவும் செய்கிறது; அந்த முந்தல் இதைவிடப் பெரியது. இரண்டையும் கணக்கில் எடுக்காவிட்டால் உன் கைப்பேசி காட்டும் இடம் தவறிவிடும்.

ஒரு கணக்கை உனக்கே விட்டுவைக்கிறேன். 2024 டிசம்பர் 24 அன்று பார்க்கர் விண்கலம் சூரியனை ஒட்டி மணிக்குச் சுமார் 6,92,000 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. கால்குலேட்டரைத் தொடாமல் போட்டு, விடையை எழுதி அனுப்பு. 1,560-இல் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்தால் சரி.

அன்புடன்,
அம்மா