சிக்லிட் மீனுக்கு எந்தத் தீனி? வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் வண்ணமீன் வளர்ப்புக் குறிப்பில், ஆப்பிரிக்க சிக்லிட் மீன்களுக்குத் தினமும் புழுவும் இடையிடையே மாட்டு இதயமும் கொடுத்தால் நிறம் தூக்கும் என்று எழுதியிருந்தீர்கள். சில சிக்லிட்டுக்குப் புழு சரிதான். ஆனால் நம் கடைகளில் அதிகம் விற்பது மலாவி ஏரியின் 'ம்புனா' வகை. அதற்கு இந்தத் தீனியைத் தொடர்ந்து போட்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சிக்லிட் என்பது ஒரு மீனின் பெயர் அல்ல, பெரியதொரு குடும்பத்தின் பெயர். நம் ஏரிகளில் மலிந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டை அதில் சேர்த்தி. பழவேற்காட்டில் கிடைப்பதும் கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடப்படுவதுமான மீனும் அதில் சேர்த்தி. மலாவி ஏரியில் மட்டும் பல நூறு இனங்கள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே தண்ணீரில் பிழைக்க முடிவதற்கு ஒரு பெரிய காரணம், தீனியைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது.

அதற்கு வழிவிட்டது அவற்றின் தொண்டை. வாயில் இருப்பது போக, தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை சிக்லிட்டுக்கு உண்டு. அரைப்பதையும் நொறுக்குவதையும் அது பார்த்துக்கொள்வதால், வெளிவாய் சுரண்டவோ உறிஞ்சவோ கவ்வவோ தக்கபடி மாறிக்கொள்ள முடிந்திருக்கிறது. மலாவியில் நத்தை தின்னும் டிரெமட்டோகிரானஸ் பிளாக்கோடான் மீனின் தொண்டைப் பற்கள் கூழாங்கல் போல மழுங்கியிருக்கும். லிவிங்ஸ்டோனி மீன் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோலக் கிடக்கும். பிணத்தைக் கொத்த வரும் குஞ்சு மீன்களை ஒரே பாய்ச்சலில் விழுங்கும். டாங்கனிக்கா ஏரியின் பெரிசோடஸ் மைக்ரோலெபிஸ் மற்ற மீன்களின் செதிலைப் பிடுங்கித் தின்று வாழ்கிறது. அதன் வாயே ஒரு பக்கம் கோணியிருக்கும். வலப்பக்கம் கோணிய மீன் இரையின் இட விலாவைத் தாக்கும், இடப்பக்கம் கோணியது வல விலாவை. ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோ ஹோரி 1993இல் இதை வெளியிட்டார். இத்தனை வித்தியாசம் உள்ள குடும்பத்துக்கு ஒரே வரியில் தீனி சொல்வது எப்படிப் பொருந்தும்?

இனி ம்புனாவுக்கு வருவோம். அவை பாறை மீன்கள். ஏரிக்கரைப் பாறைகளில் வெயில் படும் இடமெல்லாம் ஒரு பாசிப்படலம் படிந்திருக்கும். அடியில் பாறையைப் பற்றிய நூல்பாசி, அதன்மேல் தளர்வாக ஒட்டிய டயாட்டம் நுண்பாசி, இடுக்கில் பூச்சிப் புழுக்களும் நுண்ணிய ஓட்டுயிரிகளும். இந்தப் படலத்தை மேய்வதிலும் ஆளுக்கொரு முறை. ஸீப்ரா என்ற ம்புனா பாறைக்கு நேராக நின்று, வாயை அகல விரித்து அப்படியே பதித்து, பல்லால் சீப்பு வாருவதுபோலத் தளர்ந்த டயாட்டத்தை வாரியெடுக்கும். லேபியோட்ரோபியஸ் மீனுக்கு மூக்கு முன்னே துருத்தி, வாய் அடியில் இருக்கும். அது பாறையோடு பாறையாகப் படிந்து நீந்தி, நூல்பாசியை ஒட்டக் கத்தரிக்கும். சத்துக் குறைந்த தீனி என்பதால் நாள் முழுக்க மேய்ந்தால்தான் கட்டுப்படியாகும். தொட்டியில் ம்புனா எப்போதும் பசித்ததுபோலக் கண்ணாடியை முட்டுவது இந்தப் பழக்கத்தால்தான். அதைப் பார்த்து அள்ளிப் போட்டுவிடக் கூடாது.

பாசி மேய்பவற்றின் குடல் உடலைப்போல் பல மடங்கு நீண்டு, சுருள் சுருளாகக் கிடக்கும். அதில் கொழுப்பும் புரதமும் மிகுந்த தீனி வெகுநேரம் தங்கிக் கெடும். மாட்டுக் கொழுப்பு மீனின் உடல் வெப்பத்தில் உறைந்தே நிற்பதால் அது இன்னும் மோசம். கெட்ட தீனி, அழுக்குத் தண்ணீர், ஓயாத சண்டை மூன்றும் சேரும்போது குடலில் உள்ள ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகள் பெருகி, வயிறு ஊதும் இந்த நோய் முற்றுகிறது என்பதே பரவலான கருத்து. முதல் அறிகுறி, மீன் தீனியை வாயில் வாங்கித் துப்புவது. பிறகு வெள்ளை நூல்போலக் கழிவு, ஒதுங்கி நிற்பது, வேகமான மூச்சு, கடைசியில் வீக்கம். வீங்கிய பிறகு பிழைப்பது அரிது. துப்பத் தொடங்கிய அன்றே தீனியை நிறுத்தி, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

அதற்காக ம்புனாவைச் சுத்த சைவம் என்றும் சொல்ல மாட்டோம். ஏரியில் மிதவை உயிரிகள் பெருகும்போது பாசியை விட்டுவிட்டு மேலே போய் அவற்றைத் தின்னும். எனவே வாரம் ஒருமுறை, நீரில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிரியான டாஃப்னியாவைச் சிறிது கொடுத்தால் தவறில்லை. அன்றாடத் தீனி ஸ்பைருலினா சேர்ந்த குருணையாக இருக்கட்டும். பொட்டலத்தில் புரதம் 35 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள். வாரம் ஒரு நாள் பட்டினி நல்லது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த பசலைக்கீரை, தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி இரண்டும் ஒத்துக்கொள்ளும். சாக்கடையில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழு எந்த சிக்லிட்டுக்குமே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மஞ்சள் லேபிடோகுரோமிஸும் ம்புனாதான், ஆனால் அது பாறை இடுக்கில் சிறு பூச்சிகளைப் பொறுக்கும் மீன். மணலுக்கு மேல் அசையாமல் நின்று, தலையிலுள்ள உணர்வுக் குழிகளால் புதைந்த புழுவின் அசைவைக் கண்டுபிடிக்கும் 'பீகாக்' வகைக்கும் இறால் சேர்ந்த தீனிதான் ஏற்றது. இவற்றை ஸீப்ராவோடு ஒரே தொட்டியில் விட்டு எல்லாவற்றுக்கும் ஒரே தீனி போடுவதில்தான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது.

ம்புனாவுக்குப் பாசி கொடுக்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கைப்பிடி அளவுக் கருங்கற்கள் பத்தை அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மீன்தொட்டியில் மாற்றிய பழைய தண்ணீரையே ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். டெங்கு கொசு முட்டையிடாதபடி வலையால் இறுக்கி மூட வேண்டும். முதலில் பழுப்புப் படலம் வரும், இரண்டு மூன்று வாரத்தில் பச்சை கட்டும். இரண்டிரண்டு கல்லாக உள்ளே வைத்து, மழித்த கல்லை மறுபடி மாடிக்கு அனுப்புங்கள். வைத்த சற்று நேரத்தில் ஸீப்ரா நேராக வந்து வாயைப் பதிக்கும். பச்சைப் படலத்தில் வாய் அகலத்துக்கு வெளிறிய தடங்கள் விழும்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
கொளத்தூர், சென்னை.